சோலார் விளக்கு ஏன் அணைகிறது? குறி பார்த்துப் பழுது நீக்கும் வழிமுறை

பர்மாவில் பெகுவைச் சுற்றிய வயல்வெளிக் கிராமங்களிலும், தட்டோன், மோல்மேன் பக்கத்து ரப்பர் தோட்டங்களிலும் மின்கம்பி எட்டாத நம் வீடுகளுக்குச் சோலார் செட்தான் விளக்கு. அது நின்றுபோனால் பெரும்பாலான வீடுகளில் "பேட்டரி போச்சு" என்று முடிவுகட்டி, கடன் வாங்கியாவது புதுப் பேட்டரி வாங்கி வைத்துவிடுகிறார்கள். நாலைந்து மாதத்தில் அதே தொல்லை திரும்பி வருகிறது. துருப்பிடித்த இணைப்பு, சோலார் தகட்டின் மேல் விழும் தென்னை நிழல், பேட்டரியில் நேராக மாட்டிய இன்வெர்ட்டர் என்று பழுது வேறெங்கோ இருந்து புதுப் பேட்டரியையும் தின்கிறது. வீட்டுச் செட்டில் அதிக விலை போவது பேட்டரிதான். அதனால் அளந்து பார்க்காமல் அதை மாற்றாதீர்கள்.

கீழே உள்ள எண்களெல்லாம் நம் ஊர்களில் அதிகம் காணும் ஒரு செட்டுக்கு: 50 வாட் தகடு, தகட்டுக்கும் பேட்டரிக்கும் பல்புக்கும் நடுவில் நின்று சார்ஜைக் கட்டுப்படுத்தும் 10 ஆம்ப் கன்ட்ரோலர், 12 வோல்ட் 50 ஆம்ப்-அவர் ஈயப் பேட்டரி, 5 வாட் எல்.இ.டி. பல்பு மூன்று, இரண்டு போன். உங்கள் செட் இதைவிடப் பெரிதோ சிறிதோ, ஆம்ப் கணக்கு அதே விகிதத்தில் கூடும், குறையும். 12 வோல்ட் செட்டாக இருக்கும் வரை வோல்ட் கணக்கு மாறாது.

கையில் இருக்க வேண்டியவை: 10 ஆம்ப் வரை அளக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர், பேட்டரித் தண்ணீரின் அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டர், 10 மற்றும் 13 எண் ஸ்பேனர், உப்புத்தாள், வாசலின், 20 ஆம்ப் பியூஸ் இரண்டு, 55 வாட் கார் ஹெட்லைட் பல்பு ஒன்று. ஊரில் நாலு வீடு சேர்ந்து ஒரு மீட்டரும் ஒரு ஹைட்ரோமீட்டரும் வாங்கி வைத்தால் போதும்.

தொடங்கும் முன் மூன்று விஷயம். மோதிரம், வளையல், கைச்சங்கிலி எல்லாம் கழற்றுங்கள். பேட்டரியின் இரண்டு முனையையும் ஒரு வளையல் தொட்டால் அது பழுக்கக் காய்ந்து தோலோடு ஒட்டிக்கொள்ளும். சார்ஜ் ஏறும் ஈயப் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். சாமி மாடத்தின் கீழே, காமாட்சி விளக்குக்கும் ஊதுபத்திக்கும் பக்கத்தில் பேட்டரி வைத்திருக்கும் வீடுகள் பல. அதை இன்றே இடம் மாற்றுங்கள். மூன்றாவது, மாட்டும்போது முதலில் பேட்டரி, அடுத்துத் தகடு, கடைசியில் பல்பு. கழற்றும்போது இதற்குத் தலைகீழ். 12, 24 இரண்டுக்கும் தானாக மாறிக்கொள்ளும் கன்ட்ரோலரில் பேட்டரிக்கு முன்பே தகட்டைக் கொடுத்தால், தகட்டின் 20 வோல்ட்டைப் பார்த்து "இது 24 வோல்ட் செட்" என்று அது எடுத்துக்கொள்ளும். பிறகு சார்ஜும் சரியாக இராது, விளக்கும் சரியாக இராது.

கன்ட்ரோலரில் ஒரு வெளிச்சமும் இல்லை, வீடே இருட்டு

மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, பேட்டரியின் ஈய முனை மேலேயே குத்தி அளங்கள். முனையில் மாட்டிய கிளிப்பின் மேல் அளக்கக் கூடாது. கிளிப்புக்கும் முனைக்கும் நடுவில்தான் பாதிப் பழுதுகள் ஒளிந்திருக்கும்.

முனையில் 11.5-க்கு மேல் காட்டினால், அடுத்துக் கன்ட்ரோலரின் பேட்டரித் திருகுகளில் அளங்கள். அங்கே பூஜ்யம் என்றால் நடுவில் பியூஸ் போயிருக்கிறது, அல்லது வயர் விட்டிருக்கிறது. கிளிப்பைக் கழற்றிப் பாருங்கள்: வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருந்தால், ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு கரண்டி ஆப்பசோடா கரைத்து ஊற்றிக் கழுவுங்கள். நுரைத்து அடங்கும். சோடாத் தண்ணீர் பேட்டரி மூடித் துளைக்குள் ஒரு சொட்டும் போகக் கூடாது. துடைத்து, உப்புத்தாளால் ஈயம் பளபளக்கும் வரை தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். தடவிவிட்டு இறுக்குவது தவறு. பல் வைத்த முதலைக் கிளிப்பைத் தூக்கிப்போட்டுவிட்டு, வளையமுள்ள லக்கோ போல்ட் வைத்த கிளாம்போ போடுங்கள்.

பியூஸ் போயிருந்தால் அது போன காரணம் தெரியாமல் மாற்ற வேண்டாம். பெரும்பாலும் ஓலைக்கூரைக்குள் எலி கடித்த வயர், அல்லது பிளஸ் மைனஸ் மாறி மாட்டியது. பியூஸ் இடத்தில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள், செம்புக் கம்பி சுற்றுவது ஓலை வீட்டுக்குத் தீ வைப்பதற்குச் சமம். 50 ஆம்ப்-அவர் பேட்டரி ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்ப் பாயும். பியூஸே இல்லாத செட் என்றால், பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஒன்று போடுங்கள்.

கன்ட்ரோலர் திருகு வரை வோல்ட் வந்தும் அது உயிர் பெறவில்லை என்றால் கன்ட்ரோலர் போய்விட்டது. மழைக்காலத்தில் கூரைச்சாரல், எறும்புப் புற்று, நடுவில் சிக்கிய பல்லி ஆகிய மூன்றும் பெரிய காரணங்கள். திஞ்சான் என்னும் பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா முடிந்த வாரத்தில் வரும் பழுதில் பாதி, வாளித் தண்ணீர் வாசலிலிருந்த பெட்டிக்குள் போனதால் வருவது. காய வைத்து ஒரு முறை பார்க்கலாம். புதியது வரும் வரை ஈயப் பேட்டரிக்கு ஒரு தற்காலிக வழி உண்டு: பகலில் தகட்டைப் பியூஸ் வழியாக நேராகப் பேட்டரிக்குக் கொடுத்து, மணிக்கொரு முறை அளந்து, 14.4 தொட்டதும் கழற்றுங்கள். இருட்டும் முன் எப்படியும் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் இரவில் தகடு கொஞ்சம் கொஞ்சமாகப் பேட்டரியைக் குடிக்கும். லித்தியம் பேட்டரிக்கு இதைச் செய்யவே கூடாது.

பேட்டரி முனையிலேயே 3 வோல்ட்டுக்குக் கீழ் இருந்தால், அது லித்தியமா என்று பாருங்கள். கீழே தனியாகச் சொல்லியிருக்கிறது.

கன்ட்ரோலர் எரிகிறது, பல்பு எரியவில்லை

திரையில் பேட்டரி வோல்ட் 11-ஐ ஒட்டி இருந்தால் கன்ட்ரோலர் சரியான வேலைதான் செய்திருக்கிறது. சாதாரணக் கன்ட்ரோலர்கள் 11 வோல்ட் அருகில் பல்பை வெட்டும், மறுபடி 12.6 அளவுக்கு ஏறினால்தான் கொடுக்கும். பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் விளக்கு வராது. பேட்டரி வோல்ட் நன்றாக இருந்தும் வரவில்லை என்றால், பட்டனைத் தவறாக அழுத்தி மணிக்கணக்கு முறைக்கு மாற்றியிருக்கலாம். அதை 24 மணி நேரமும் விளக்குக் கொடுக்கும் முறைக்குத் திருப்புங்கள். அடுத்துப் பல்பு முனைத் திருகில் அளங்கள். அங்கே 12 இருந்தால் பழுது சுவிட்சு, ஹோல்டர், பல்பு மூன்றில் ஒன்று. 12 வோல்ட் எல்.இ.டி. பல்பு சிலவற்றுக்குப் பிளஸ் மைனஸ் உண்டு, ஹோல்டரில் வயரை மாற்றிப் பாருங்கள்.

பல ஊர்களில் சாயங்காலம் ஜெனரேட்டர் விட்டு வீட்டுக்கு வீடு லைன் கொடுக்கிறார்கள். ஒரே வீட்டில் ஜெனரேட்டர் லைன் 230 வோல்ட், சோலார் 12 வோல்ட், இரண்டுக்கும் ஒரே மாதிரி ஹோல்டர். 230 பல்பு சோலாரில் எரியாது, அவ்வளவுதான். 12 பல்பை ஜெனரேட்டர் ஹோல்டரில் போட்டால் வெடிக்கும். 12 வோல்ட் ஹோல்டர்களுக்கு எல்லாம் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வையுங்கள், பல்பின் கழுத்திலும் அதே பொட்டு.

ஏழு மணிக்கு நன்றாக எரிகிறது, ஒன்பதுக்கு அணைந்துவிடுகிறது

அதிகம் கேட்கும் குறை இது. பேட்டரியை வீணாக மாற்றுவதும் இங்கேதான். இரண்டில் ஒன்று: பேட்டரிக்குச் சாப்பாடு போதவில்லை, அல்லது வயிறு சுருங்கிவிட்டது. இரண்டுக்கும் வெளியே தெரியும் குறி ஒன்றேதான், மருந்து வேறு.

பிரித்தறிய, மாலை 6 மணிக்குத் தகட்டையும் பல்பையும் கழற்றிவிட்டு ஒரு மணி நேரம் பேட்டரியைச் சும்மா விடுங்கள். பிறகு அளந்தால் ஈயப் பேட்டரியில் ஏறக்குறைய இப்படி வரும்:

12.7 என்றால் நிறைந்தது
12.4 என்றால் முக்கால்
12.2 என்றால் பாதி
12.0 என்றால் கால்
11.8 என்றால் காலி

சார்ஜ் ஏறும்போதோ பல்பு எரியும்போதோ அளந்த எண்ணை இந்தக் கணக்கில் வைக்காதீர்கள். வெயிலில் 13.8 காட்டும் பேட்டரி, விட்டு வைத்தால் 12.1-க்கு இறங்கலாம்.

ஓய்வில் 12.4-க்குக் கீழே நின்றால் சாப்பாடு போதவில்லை. அடுத்த பகுதிக்குப் போய்த் தகட்டையும் வயரையும் பாருங்கள். பேட்டரி மேல் பழி போட இன்னும் நேரம் வரவில்லை. 12.6-க்கு மேல் நின்று, இரண்டு மணி நேரத்தில் 11-க்கு விழுகிறது என்றால் வயிறு சுருங்கியிருக்கிறது.

அதை உறுதிசெய்யத்தான் ஹெட்லைட் பல்பு. 55 வாட் பல்பு சுமார் 4.5 ஆம்ப் இழுக்கும். நிறைந்த பேட்டரியில் அதைப் பியூஸ் வழியாக மாட்டி, கடிகாரம் பார்த்து, அரை மணிக்கொரு முறை வோல்ட்டை எழுதுங்கள். பல்பு கடுமையாகச் சுடும், பாய் மேலோ ஓலை அருகிலோ வைக்கக் கூடாது. நல்ல நிலையில் உள்ள 50 ஆம்ப்-அவர் பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும், பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே 12.1-க்கு மேல் நிற்கும். ஒரு மணி நேரத்துக்குள் 11.5-க்கு இறங்கினால் அது மாற்ற வேண்டிய பேட்டரிதான்.

மூடி திறக்கும் பேட்டரி என்றால் ஹைட்ரோமீட்டர் இன்னும் தெளிவாகச் சொல்லும். ஆறு குழியிலும் எடுத்து எழுதுங்கள். நிறைந்த பேட்டரியில் 1.250 முதல் 1.280 வரை, பாதியில் 1.190 அருகில் இருக்கும். இங்கே எண்ணைவிட முக்கியமானது குழிகளுக்கு நடுவே உள்ள வித்தியாசம். ஐந்து குழி 1.250, ஒன்று மட்டும் 1.150 என்றால் அந்த ஒரு குழி செத்துவிட்டது. அந்தக் குழி உள்ளே முழுதும் ஷார்ட் ஆகிவிட்டால் பேட்டரி ஓய்வில் 10.5 வோல்ட்டை ஒட்டி நிற்கும், எவ்வளவு சார்ஜ் போட்டாலும் ஏறாது. ஆறு குழியும் ஒன்றுபோலக் குறைவாக இருந்தால் நம்பிக்கை உண்டு: 5 ஆம்ப் சார்ஜில் ஒரு முழு நாள் போட்டு, மூன்று முறை தொடர்ந்து அளந்தாலும் அடர்த்தி மாறாத நிலை வரும் வரை விடுங்கள். இப்படி எழுந்து வரும் பேட்டரிகள் கணிசமாக உண்டு.

அடர்த்தி குறைவாக இருக்கிறதென்று ஆசிட் ஊற்றாதீர்கள். ஆசிட் எங்கும் போய்விடவில்லை. சார்ஜ் இல்லாததால் சல்பேட்டாக ஈயத் தகட்டில் ஒட்டியிருக்கிறது. சார்ஜ் ஏறினால் தண்ணீருக்குத் திரும்பும். மேலே ஆசிட் ஊற்றினால் மீட்டர் எண் அழகாக ஏறும், பேட்டரி சீக்கிரம் அரித்துப் போகும்.

வயிறு ஏன் சுருங்கியது என்று கண்டுபிடிக்காமல் புதியது வைக்காதீர்கள். முதல் காரணம், கன்ட்ரோலரைத் தாண்டிப் பேட்டரியில் நேராக மாட்டிய இன்வெர்ட்டர். கன்ட்ரோலர் 11 வோல்ட்டில் காப்பாற்றும். சின்ன இன்வெர்ட்டர் 10.5-க்கு வந்த பிறகுதான் கூவும். 40 வாட் டி.வி. மூன்று மணி நேரம் ஓடினால் இன்வெர்ட்டர் தின்பதையும் சேர்த்து 12 ஆம்ப்-அவர் போகும். மூன்று பல்பும் இரண்டு போனும் சேர்ந்து ஒரு இரவுக்கு எடுப்பதே 7தான். டி.வி. வேண்டும் என்றால் தகட்டை இரட்டிப்பாக்குங்கள். இரண்டாவது காரணம், லாரி பேட்டரி. வண்டியைக் கிளப்ப ஒரு நொடி நிறையக் கொடுத்துவிட்டு உடனே நிரம்பிக்கொள்ளச் செய்தது அது. உள்ளே தகடுகள் மெல்லியவை. தினமும் பாதி வரை இறக்கினால் ஒரு வருடத்திலேயே அது கைவிட்டுவிடும். அதுதான் கிடைக்கிறதென்றால், ஓய்வு வோல்ட் 12.4-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நல்ல வெயில், சார்ஜ் ஏறவில்லை

மதியம் 11-லிருந்து 1-க்குள் பாருங்கள். தகட்டின் இரண்டு வயரையும் கன்ட்ரோலரிலிருந்து கழற்றி அளந்தால் 12 வோல்ட் தகட்டில் 19-லிருந்து 21 வரை வர வேண்டும். சுட்டெரிக்கும் வெயிலில் 19 வருவது குறையில்லை, தகடு சூடானால் வோல்ட் இறங்கும். 10 அல்லது 11 மட்டும் வந்தால், பின்பக்கப் பெட்டியில் உள்ள இரண்டு டயோடில் (நிழல் விழுந்த பாதியைத் தாண்டி மின்சாரத்தை விடுபவை) ஒன்று ஷார்ட் ஆகிவிட்டது. இடி மின்னலுக்குப் பிறகு இது வரும். கத்தரித்து எடுத்துவிட்டு 10 ஆம்ப் 45 வோல்ட் ஷாட்கி டயோட் ஒன்றை, பழையது இருந்த திசையிலேயே, கோடு உள்ள முனை பிளஸ் பக்கம் வரும்படி பற்றவையுங்கள்.

வோல்ட் சரி என்றால் ஆம்ப். மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்ப் துளைக்கு மாற்றி, தகட்டின் இரண்டு வயரிலும் நேராகத் தொடுங்கள். தகட்டை இப்படி ஷார்ட் செய்வதால் அதற்கு ஒன்றும் ஆகாது. 50 வாட் தகட்டில் 2.5-லிருந்து 3 ஆம்ப் வர வேண்டும். இதே நிலையில் மீட்டரைத் தவறியும் பேட்டரியில் தொடாதீர்கள். வேலை முடிந்ததும் சிவப்பு வயரை வோல்ட் துளைக்குத் திருப்பிவிட்டுத்தான் மீட்டரைக் கீழே வையுங்கள்.

ஆம்ப் குறைவாக வந்தால் நிழலைத் தேடுங்கள். தகட்டில் 36 சில்லுகள் வரிசையாக, ஒன்றின் பின் ஒன்றாகக் கோர்த்திருக்கின்றன. வாய்க்காலின் நடுவே ஒரு கல் விழுந்தால் பின்னால் உள்ள தண்ணீர் முழுதும் தேங்குவதுபோல, ஒரே ஒரு சில்லை மூடிய பலா இலை பாதித் தகட்டை நிறுத்திவிடும். டயோட் இல்லாத சிறு தகட்டில் ஏறக்குறைய முழுவதையும். காலை 9, மதியம் 12, மாலை 3 மணிக்குத் தகட்டைப் பாருங்கள். கார்த்திகையில் நிழலில்லாத இடம் ஆடியில் நிழலாகலாம், கூரைமேல் ஏறும் பூசணிக்கொடி ஒரு மாதத்தில் வந்து சேரும். கோடையில் செம்மண் சாலையோரத் தகட்டில் தூசி பொருக்காக உறையும். வாரம் ஒரு முறை, விடியற்காலையில், மெல்லிய துணியும் வெறும் தண்ணீரும் போதும். உச்சி வெயிலில் கொதிக்கும் கண்ணாடி மேல் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடலாம். தகடு தெற்குப் பார்த்து 15-லிருந்து 20 டிகிரி சாய்ந்திருக்கட்டும். யாங்கோன், மோல்மேன் பக்கத்துக்கு அதுதான் கணக்கு. அந்தச் சாய்வில் மழையே தூசியைக் கழுவிவிடும், தட்டையாகப் படுக்க வைத்தால் கீழ் ஓரத்தில் சேறு தங்கும்.

தகடு நன்றாக இருந்தும் பேட்டரிக்கு வருவது குறைவு என்றால் வயர். இரண்டு முனையிலும் சார்ஜ் ஏறும்போதே அளங்கள்: தகட்டின் பின்பக்கத்தில் ஒரு முறை, கன்ட்ரோலர் திருகில் ஒரு முறை. வித்தியாசம் அரை வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. 10 மீட்டர் தூரத்துக்கு 0.75 சதுர மி.மீ. வயர் போட்டால், போக வர 20 மீட்டரில் 3 ஆம்ப்புக்கு ஏறக்குறைய 1.4 வோல்ட் தொலையும். 2.5 சதுர மி.மீ. போட்டால் அரை வோல்ட்டுக்குள் அடங்கும். வயர் சரியான கனம் இருந்தும் வித்தியாசம் அதிகம் என்றால், முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு ஒன்று உள்ளே கறுத்திருக்கிறது. கையால் தொட்டுப் பார்த்தால் சுடும்.

இன்னொரு காரணமும் இப்போது அடிக்கடி வருகிறது. யாங்கோனிலிருந்து மலிவாகக் கிடைத்ததென்று 250 வாட் பெரிய தகடு வாங்கி, 12 வோல்ட் பேட்டரிக்குச் சாதாரணக் கன்ட்ரோலர் வழியாகக் கொடுக்கிறார்கள். அந்தத் தகடு 30 வோல்ட்டில் வேலை செய்யும்படி செய்தது. சாதாரணக் கன்ட்ரோலர் அதைப் பேட்டரியின் 13 வோல்ட்டுக்கு இழுத்துவிடும், கிடைப்பது 110 வாட்டை எட்டாது. தகட்டின் உயர்ந்த வோல்ட்டைப் பேட்டரிக்கு ஏற்றபடி இறக்கி ஆம்ப்பைக் கூட்டித் தரும் எம்.பி.பி.டி. (MPPT) கன்ட்ரோலர் தேவை. ஆனால் பெட்டிமேல் அந்த எழுத்து அச்சடித்திருப்பதை நம்பாதீர்கள். வெயிலில், பேட்டரி பாதி இறங்கியிருக்கும்போது, தகட்டுத் திருகில் அளங்கள். பேட்டரியை ஒட்டி 13, 14 வோல்ட் காட்டினால் அது சாதாரணக் கன்ட்ரோலரே. உண்மையான எம்.பி.பி.டி. என்றால் தகட்டுப் பக்கம் பேட்டரியைவிட மிக உயரமாக, இந்தப் பெரிய தகட்டில் 28, 30 என்று நிற்கும்.

பல்பு மங்கல், மினுக்கல், அடிக்கடி போகிறது

ஒரே ஒரு பல்பு மங்கலாக இருந்தால் அதன் ஹோல்டர் வரை உள்ள வயர்தான். எல்லாம் ஒன்றாக மங்கினால் பேட்டரி முனையோ கன்ட்ரோலர் திருகோ தளர்ந்திருக்கிறது. சேமியா நூல்போன்ற பல இழை வயரைத் திருகில் அப்படியே வைத்து இறுக்கினால் நாளடைவில் இழைகள் நசுங்கித் தளரும். முறுக்கி, நுனியை மடித்து, இரட்டையாக்கி வையுங்கள், அல்லது ஊசி லக் போடுங்கள். ஆறு மாதத்துக்கொரு முறை எல்லாத் திருகையும் இறுக்குவது நல்லது.

பல்பு மாதத்துக்கு ஒன்று போகிறதா? நண்பகலில் விளக்குப் போட்டிருக்கும்போது அதன் முனையில் அளங்கள். உள்ளே வெறும் தடை மட்டும் வைத்த மலிவுப் பல்புகள் 12 வோல்ட்டுக்குச் சரியாக இருக்கும், சார்ஜ் ஏறும்போது வரும் 14.4-ல் கருகும். 10 முதல் 30 வோல்ட் வரை என்று எழுதியுள்ள பல்பு கொஞ்சம் விலை கூடினாலும் அதையே வாங்குங்கள். 15-க்கு மேல் காட்டினால் பல்பை விடுங்கள், கன்ட்ரோலரை மாற்றுங்கள். பேட்டரியையும் அது கொதிக்க வைத்துக்கொண்டிருக்கிறது.

ரேடியோவில் மட்டும் இரைச்சல் என்றால் அது பழுதில்லை. கன்ட்ரோலரும் பல்பின் உள்சுற்றும் போடும் சத்தம் அது. ரேடியோவை ஒரு ஐந்தடி தள்ளி வையுங்கள்.

பேட்டரி சுடுகிறது, புளித்த நெடி வருகிறது, தண்ணீர் சீக்கிரம் குறைகிறது

மாதம் ஒரு முறை மூடி திறந்து பாருங்கள். தண்ணீர் ஈயத் தகட்டுக்கு மேலே ஒரு விரற்கடை நிற்க வேண்டும். ஊற்ற வேண்டியது பேட்டரித் தண்ணீர் மட்டும். கடையில் யேதன் என்று விற்கும் குடிதண்ணீர் வேறு, அதில் உப்புகள் மிச்சமிருக்கும். கிணற்றுத் தண்ணீர் பேட்டரிக்கு விஷம். முழுச் சார்ஜ் ஆன பிறகே ஊற்றுங்கள். காலியாக இருக்கும்போது நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது ஆசிட் பொங்கி வழியும்.

மாதத்தில் இரண்டு முறை ஊற்ற வேண்டி வந்தால் சார்ஜ் வோல்ட் அதிகம். ஈயப் பேட்டரிக்கு 14.4 என்பது 25 டிகிரி வெப்பத்துக்கான எண். நம் ஊர் சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் 37 டிகிரிக்குப் போகும் பேட்டரிக்கு 14.1 போதும். மாற்றும் வசதி கன்ட்ரோலரில் இருந்தால் இறக்குங்கள். ஜெல் பேட்டரிக்கும் அதே 14.1. ஒரு குழி மட்டும் கொதித்து மற்றவை அமைதியாக இருந்தால் அந்தக் குழி போய்விட்டது. அழுகிய முட்டை நெடி வந்தால் சன்னலைத் திறந்து, சார்ஜை நிறுத்தி, குழந்தைகளை வெளியே அனுப்புங்கள். அந்தப் பேட்டரியை மறுபடி வீட்டுக்குள் சார்ஜ் போடாதீர்கள்.

லித்தியம் பேட்டரி "செத்துவிட்டது"

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்குள் ஒரு காவல் பலகை உண்டு. வோல்ட் மிகவும் இறங்கினால் அது வெளி முனையை வெட்டிவிடும், மீட்டர் 0 அல்லது 2, 3 என்று காட்டும். பேட்டரி தூங்குகிறது. சிக்கல் என்னவென்றால், கன்ட்ரோலர் இயங்கவே பேட்டரி வோல்ட் வேண்டும். பேட்டரி எழ கன்ட்ரோலர் வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும். லித்தியம் சார்ஜர் ஒன்று இருந்தால் பத்து நிமிடம் போட்டால் எழும். இல்லையென்றால் நல்ல 12 வோல்ட் பேட்டரி ஒன்றிலிருந்து 5 ஆம்ப் பியூஸ் வைத்த வயரால், பிளஸுக்குப் பிளஸ், மைனஸுக்கு மைனஸ், சில நொடி தொடுங்கள். எழுந்ததும் எடுத்துவிட்டு உடனே வெயிலில் சார்ஜ் போடுங்கள். கன்ட்ரோலரை லித்தியம் முறைக்கு மாற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள். உப்பிய பேட்டரியை எழுப்ப முயல வேண்டாம்.

மேலே சொன்ன ஓய்வு வோல்ட் கணக்கு லித்தியத்துக்குப் பொருந்தாது. அது நிறைந்திருந்தாலும் பாதியாக இருந்தாலும் 13.2-ஐ ஒட்டியே நிற்கும்.

கைவிளக்கு

சிறு சோலார் கைவிளக்கில் பேட்டரி மாற்றும்போது பழையதன் மேல் எழுதியுள்ள வோல்ட்டைப் படியுங்கள். 3.2, 3.7, 4 என்று மூன்று வகை. 3.2 இருந்த இடத்தில் 3.7 போட்டால் நிரம்பாது, 3.7 இருந்த இடத்தில் 3.2 போட்டால் அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறி ஆபத்து. 4 என்பது ஈயம், அதற்கு ஈயமே. சார்ஜ் ஏறவில்லை என்றால் முதலில் ஊசித் துளையைப் பாருங்கள். வயரை இழுத்துக் கழற்றுவதால் உள்ளே பற்றவைப்பு விட்டிருக்கும்.

அடைமழையில் மட்டும் வரும் குறை

வைகாசி நடுவிலிருந்து ஐப்பசி தொடக்கம் வரை நம் செட்டின் சோதனைக்காலம். கணக்கைப் பாருங்கள். பங்குனி, சித்திரையில் ஒரு நாளைக்குச் சுமார் 6 மணி நேர முழு வெயில். 50 வாட் தகடு 16 ஆம்ப்-அவர் கொடுக்கும். ஆடியில் சராசரி 4 மணி நேரத்தை எட்டாது. வானம் மூடிய நாளில் 1 மணி நேரத்துக்குச் சமமாகக் கிடைத்தால் பெரிது, அதாவது 3 ஆம்ப்-அவர்கூட இல்லை. செலவு 7. ஒவ்வொரு நாளும் 4, 5 கடன் ஏறும், ஐந்து நாளில் பேட்டரி பாதிக்கு வந்துவிடும். இது பழுதில்லை, செட்டின் அளவு அவ்வளவுதான். அந்த வாரத்தில் சமையல் முடிந்ததும் ஒரே பல்பில் வீடு நடக்கட்டும், பிள்ளைகள் படிக்கும் பலகைக்கு மேலே அதைத் தாழ்வாகத் தொங்கவிடுங்கள். கூரை உச்சியில் இருக்கும் 5 வாட்டைவிட, பலகைக்கு இரண்டடி மேலே இருக்கும் 3 வாட் நன்றாகத் தெரியும்.

ஓய்வு வோல்ட் 12.2-க்கு வந்ததும், ஜெனரேட்டர் விடும் அண்ணனிடமோ சார்ஜ் கடையிலோ கொடுத்து நிரப்பிவிடுங்கள். காலியாக ஒரு மாதம் கிடந்தால் சல்பேட் கெட்டியாகி, மழை விட்டாலும் எழாது. கடையில் 5 ஆம்ப்பில் போடச் சொல்லுங்கள். 50-க்குப் பத்தில் ஒரு பங்கு. அவசரமென்று 20 ஆம்ப்பில் இரண்டு மணி நேரம் போட்டுக் கொடுத்தால் கையில் வாங்கும்போது 12.9 காட்டும், வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரம் கழித்து அளந்தால் 12.3 இருக்கும். பணம் கொடுக்கும் முன் அடர்த்தியைப் பார்த்து வாங்குங்கள்.

புயல் எச்சரிக்கை வந்தால் தகட்டை இறக்கி, கண்ணாடிப் பக்கம் சுவரைப் பார்க்க நிறுத்தி வையுங்கள். 2008 மே மாத நர்கிஸ் போன்ற காற்றில் தகரக் கூரையே பறக்கும்போது நாலு திருகு தகட்டைப் பிடித்து நிறுத்தாது.

உண்மையிலேயே பேட்டரி போய்விட்டால்

பழையதைத் தூக்கி எறியாதீர்கள். ஈயத்துக்கு விலை உண்டு, வீசைக் கணக்கில் எடுக்கும் கடைகள் இருக்கின்றன. புதியது வாங்கும் கடையே கழித்துக்கொள்ளவும் செய்யும். ஆசிட்டைக் கொட்டிவிட்டுக் கொண்டு வா என்று சொல்லும் கடைக்குக் கொடுக்க வேண்டாம். அதில் ஈயம் கரைந்திருக்கிறது. கிணற்றடியிலோ வாழைக்கன்றடியிலோ ஊற்றினால் மண்ணிலேயே தங்கி, அங்கே மண்ணளையும் குழந்தையின் உடம்பில் ஏறும். மூடிகளை இறுக்கி, நிமிர்த்தி வைத்து, கசிந்த இடத்தில் ஆப்பசோடாவைத் தூவி, அப்படியே கடைக்குக் கொண்டு போங்கள்.